பனாட்டில் சீனி கூட்டலாமா?

அன்புள்ள ஐயா,

பூநகரியில் பனங்களியைப் பாயில் காயவிட்டுப் பனாட்டு செய்து பைக்கற்றில் விற்கிறேன். கிளிநொச்சிச் சந்தையில் ருசி பார்க்கக் கொடுத்தேன். இரண்டு பேர் வாயில் வைத்ததுமே துப்பிவிட்டார்கள். வயதான ஒரு ஐயா ஐந்து பைக்கற்றை ஒன்றாக வாங்கிக்கொண்டு போனார். மற்ற எல்லாரும் "நல்லா இருக்கு" என்றார்கள், வாங்கவில்லை. கசப்புத் தெரியாமல் சீனி கூட்டச் சொல்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

சீனி கூட்டவேண்டாம்.

எனக்குப் பயம் தருவது அந்த "நல்லா இருக்கு". எந்த வீட்டில் தேத்தண்ணி குடித்தாலும் அதைச் சொல்லிவிட்டுத்தானே நாங்கள் எழும்புகிறோம். அதை நம்பி இன்னும் பத்துப் பாய் பனங்களி காயவிட்டால் நட்டம் உங்களுக்கு.

அந்த ஐயாவைத் தேடிப் பிடியுங்கள். ஏன் ஐந்து வாங்கினார், வீட்டில் யார் சாப்பிட்டது என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அவர்கள் ஏங்குவதே அந்தக் கசப்புக்குத்தான். இனிப்பு வேண்டியவர்களுக்குக் கடை நிறைய இனிப்பு இருக்கிறது, உங்களுடையதைவிட மலிவாக.

பாணில் பூசிச் சாப்பிடும் மார்மைட் எங்கள் வீடுகளிலும் உண்டு. பலருக்கு அதன் மணமே ஆகாது. 1902இல் இங்கிலாந்தில் தொடங்கிய சாமான் அது. 1996இல் அதை விற்றவர்கள், ஒன்றில் விரும்புவீர்கள் இல்லையென்றால் வெறுப்பீர்கள் என்று தாங்களே விளம்பரம் செய்தார்கள். நீங்களும் பைக்கற்றில் "கசக்கும்" என்று பெரிதாகவே போடுங்கள்.

சரி, துப்பியவர்களிடமும் ஒரு கேள்வி கேட்கத்தான் வேண்டும். கசப்பு பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பல்லில் மண் கடிபட்டது, பூஞ்சணம் மணந்தது என்றால் அது உங்கள் கைக்குறை, உடனே திருத்துங்கள்.

இன்னொன்று. பனங்களி கசப்பதற்குக் காரணம் ஃபிளாபெலிஃபெரின் என்ற பொருள். அது மரத்துக்கு மரம் கூடிக் குறையும். கண்டபாட்டுக்குப் பழம் சேர்த்துப் பிழிந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ருசி வரும், விரும்பி வந்தவரும் அடுத்தமுறை ஏமாந்துபோவார். எந்த மரத்துப் பழம் என்று அடையாளம் வைத்துத் தனித்தனியாகப் பிழிந்து பாருங்கள். உங்கள் வளவு மரங்களை உங்களைவிட அறிந்தவர் யார்?

அடுத்த பழக்காலத்துக்குள் அந்த ஐயாவைக் கண்டுவிடுங்கள். எனக்கும் இரண்டு பைக்கற் எடுத்து வையுங்கள், நல்லாகக் கசக்கிற மரத்தில் இருந்து.