நாற்காலியில் இருப்பவர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வேலை விஷயமாக வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்கு அடிக்கடி போய்வருவேன். அடுத்த முறை நான் போகும் வாரத்தில் அங்கே மூன்று குஷன் பில்லியர்ட்ஸ் உலகக் கோப்பை நடக்கிறது. அங்குள்ள தொழிற்சாலை நண்பர் வாரம் முழுக்க வா என்கிறார். நீங்கள் அந்தப் போட்டியைப் பார்த்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். யூடியூபில் சிறந்த ஷாட்களின் தொகுப்பை நிறையப் பார்த்து அசந்துபோனேன். ஆனால் நேரில் நாள்முழுக்க உட்கார முடியுமா என்று தெரியவில்லை. கடைசி நாள் மட்டும் போனால் போதாதா? முதல் நாட்களில் பேர் தெரியாதவர்கள்தானே ஆடுவார்கள்? நான் கியூவை, அதாவது பந்தை அடிக்கும் அந்தக் கோலை, கையால் தொட்டதுகூட இல்லை. ஆடத் தெரியாதவன் ஓர் ஆட்டத்துக்கு ரசிகனாக முடியுமா? இன்னொன்று, பங்கஜ் அத்வானி போன்ற பில்லியர்ட்ஸ் உலக சாம்பியன்கள் இருந்தும் இந்த ஆட்டத்தில் நம்மவர்கள் ஏன் இல்லை? வீட்டில் பில்லியர்ட்ஸ் என்றாலே சூதாட்டம் என்று நினைக்கிறார்கள்.

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

பொதுவாக விளையாட்டு பற்றிய கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. ஆனால் உட்கார்ந்து பார்ப்பது என்ற காரியத்தைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியாக அங்கேயே வந்து கைவைத்துவிட்டது.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். அத்வானி ஆடுவது குழியுள்ள மேசையில். நம் ஊர் கிளப்புகளில் இருப்பதெல்லாம் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்த அந்த மேசைகள்தான். குழியில்லாத மேசை வியட்நாமுக்குப் பிரெஞ்சுக்காரர்களோடு வந்தது. அவ்வளவுதான் விஷயம். சூதாட்டம் என்று வீட்டில் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள், ஒரு முழு ஆட்டத்தைப் போட்டு அவர்களையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

மற்ற வாசகர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2.84 மீட்டர் நீளம், 1.42 மீட்டர் அகலமுள்ள மேசை. வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பந்துகள். வெள்ளை ஒருவருக்கு, மஞ்சள் மற்றவருக்கு. உங்கள் பந்து மற்ற இரண்டையும் தொடவேண்டும். ஆனால் இரண்டாவது பந்தைத் தொடுவதற்கு முன் ஓரச்சட்டங்களில் (குஷன் என்பது இதுதான்) குறைந்தது மூன்று முறை பட்டிருக்கவேண்டும். பட்டால் ஒரு புள்ளி, தொடர்ந்து ஆடலாம். தவறினால் நாற்காலிக்குப் போய்விடவேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் 40 நொடி. மேசைப் பலகைக்கு அடியில் மின்சாரத்தால் சூடேற்றி வைத்திருப்பார்கள். சைகோன் (ஹோ சி மின் நகரத்தின் பழைய பெயர்) போன்ற புழுக்கமான ஊரில் மேசைத் துணி ஈரம் வாங்கினால் பந்து இழுத்துக்கொள்ளும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

இப்போது திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தொகுப்பு பார்த்து அசந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது என்ன தெரியுமா? பலித்த ஷாட்களை மட்டும். உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர்களே மேசைக்கு வரும் ஒவ்வொரு முறைக்கும் சராசரியாக இரண்டு புள்ளி எடுத்துவிட்டால் அது பெரிய ஆட்டம். அப்படியென்றால் 50 புள்ளி ஆட்டத்தை ஜெயிக்கிறவரே இருபது முறைக்கு மேல் தவறவிடுகிறார். தவறவிட்டு, நடந்துபோய், நாற்காலியில் உட்கார்ந்து, எதிராளி என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆட்டத்தில் பாதி இதுதான். உங்கள் தொகுப்பு இந்தப் பாதியை முழுசாக வெட்டி எறிந்துவிட்டது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபா கேண்டீனுக்கு எழுந்து போகிறவர்கள் கச்சேரி கேட்டேன் என்று சொல்வது போல, நீங்களும் பில்லியர்ட்ஸ் பார்த்தேன் என்கிறீர்கள்.

அந்த நாற்காலியை நீங்கள் பார்க்கவேண்டும். கிரிக்கெட்டில் எதிராளி அடிக்கும்போது நீங்கள் பந்து போடலாம், ஓடிப்போய்த் தடுக்கலாம். செஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் அடுத்த நகர்வை யோசிக்கலாம். இங்கே அதுவும் கிடையாது. எதிராளி தவறவிடும் கணம்வரை உங்களுக்கு எந்த நிலையில் பந்து கிடைக்கும் என்பதே தெரியாது. கை சும்மா இருக்கிறது, புத்தியும் சும்மா இருந்தாகவேண்டும். ஆனால் எழுந்த நொடியில் இரண்டும் முழுசாக வேலை செய்யவேண்டும். இதைவிடக் கடினமான சோதனையை ஒரு விளையாட்டு மனிதனுக்கு வைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. பெல்ஜியத்தின் ரேமண்ட் சூலமான்ஸ் இந்த ஆட்டத்தில் 21 முறை உலகப் பட்டம் வென்றார். அவருடைய கையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் நான் தேடிப்போய்ப் படிப்பேன்.

ஹோ சி மின் நகரத்தின் நுயென் யூ அரங்கில் நான் பார்த்த ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். தகுதிச் சுற்று. பல மேசைகளில் ஒரே நேரத்தில் ஆட்டம். எனக்குக் கிடைத்தது ஓரத்து மேசை. உள்ளூர்ப் பையன் ஒருவன், கொரியாவிலிருந்து வந்த நடுவயதுக்காரர் ஒருவர். பையன் நன்றாகத் தொடங்கி முன்னால் இருந்தான். அப்புறம் கொரியர் எழுந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நடுவர் எண்ணிக்கொண்டே போகிறார். பையன் மடியில் ஒரு சின்னத் துண்டு. அதை நான்காக மடித்தான், பிரித்தான், கியூவை மேலிருந்து கீழாகத் துடைத்தான், மறுபடி மடித்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலேயே மூடினான். ஸ்கோர் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.

கொரியர் தவறவிட்டது நூலிழையில். பையன் எழுந்தான். அவனுக்கு வாய்த்தது சுலபமான நிலைதான். மஞ்சள் பக்கத்திலேயே இருக்கிறது, சிவப்பு எதிர் மூலையில். மூலையில் நிற்கும் பந்து இந்த ஆட்டத்தில் பெரிய இலக்கு. நேராகப் போயும் தொடலாம், சட்டத்தில் பட்டுத் திரும்பியும் தொடலாம். அவன் கொஞ்சம் வேகமாக அடித்துவிட்டான். அவனுடைய வெள்ளை மஞ்சளில் பட்டு, மூன்று சட்டங்களையும் ஒழுங்காகத் தொட்டுவிட்டு வந்தது. ஆனால் வேகத்தில் ஓடிய மஞ்சள் அதற்குள் போய்ச் சிவப்பைத் தட்டி நகர்த்திவிட்டிருந்தது. வெள்ளை வந்து சேர்ந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மறுபடி நாற்காலி.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் உச்சுக்கொட்டக்கூட இல்லை. ஆள்காட்டி விரலால் தன் தொடையில் மஞ்சள் போன வழியை வரைந்தார். அப்புறம் உள்ளங்கையை மெல்லக் கீழே அமுக்கினார், ‘மெதுவாக’ என்பது போல. எனக்காகச் செய்தாரா, தனக்காகவா, நாற்காலியில் இருந்த அந்தப் பையனுக்காகவா, தெரியாது. அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அன்று சாயங்காலம்வரை அவர் விரலைப் பார்த்தே நான் ஆட்டத்தைப் படித்துக்கொண்டேன்.

பையன் தோற்றான். கொரியருக்குக் கைகொடுத்துவிட்டு, கியூவை இரண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனான். அவன் எந்தத் தொகுப்பிலும் வரமாட்டான். அந்த வாரத்தில் நான் பார்த்த பெரிய ஆட்டக்காரர்களைவிட அவன்தான் எனக்கு நினைவிருக்கிறான்.

‘பேர் தெரியாதவர்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தைதான் என்னை ரொம்பவும் குத்தியது. 2018-இல் இதே ஊரில் ட்ரான் குயெட் சியென் உலகக் கோப்பையை வென்றார். வியட்நாம்காரர் ஒருவர் வென்றது அதுதான் முதல் முறை. 2023-இல் அங்காராவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் இறுதியாட்டத்தில் இரண்டு பேருமே வியட்நாம்காரர்கள். சியெனைத் தோற்கடித்துப் பாவோ ஃபுவாங் வின் பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டு இவர்கள் இருவரும் சேர்ந்து ஜெர்மனியின் ஃபீயர்சனில் அணிகளுக்கான உலகப் பட்டத்தையும் கொண்டுவந்தார்கள். இந்தப் பேர்கள் உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் உங்களுக்கு அங்கே எல்லோருமே பேர் தெரியாதவர்கள்தான். முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் என்ன வித்தியாசம்? அந்த ஊர்க்காரர்களுக்கு இவர்கள் பேர் திடீரென்று ஒருநாள் தெரியவரவில்லை. யாரோ சில பேர் காலி அரங்கில், ஓரத்து மேசை முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

கோபமாக எழுதிவிட்டேன். நாள்முழுக்க தொழிற்சாலையில் நின்றுவிட்டு, பாஷை தெரியாத ஊரில், ஓட்டல் அறைக்குத் திரும்பிப் படுக்காமல் ஓர் ஆட்டத்தைப் பார்க்கலாமா என்று யோசிக்கிற உங்களை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனால்தான் இத்தனையும்.

ஆடத் தெரியாதவன் ரசிகனாக முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். அங்கே ஆடுகிறவரே பாதி நேரம் உங்களைப் போலத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

தகுதிச் சுற்றின் முதல் நாளே போய்விடுங்கள். ஏதாவது ஒரு மேசையைத் தேர்ந்தெடுத்து அந்த ஆட்டம் முடியும்வரை அதையே பாருங்கள், மேசை மாறி மாறி அலையாதீர்கள். போனைச் சைலண்டில் போடுங்கள். நடுவில் இடைவெளி கிடைத்தால் ட்ருவாங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, அரங்கிலிருந்து நடந்தே போகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மவர்கள் கட்டியது, இப்போது வியட்நாமியப் பெண்கள் ஊதுபத்தியோடு வந்து கும்பிடுகிறார்கள். இறுதியாட்டத்துக்கு இடம் கிடைக்கவில்லையென்றால் விடுங்கள். அது இணையத்தில் வரும். ஆனால் முழுசாகப் பாருங்கள். பார்த்துவிட்டு அந்த முதல் நாள் ஆட்டத்தைப் பற்றி மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.