ஒரு நோயாளியா குடும்ப டொக்டரிட்ட நீங்கள் எதிர்பார்க்கிற நேர்மை என்ன?

எனக்கு ஒண்டுதான் வேணும். என்ர வருத்தத்தை முதல்ல எனக்குச் சொல்லோணும், என்னைக் கேக்காமல் வேற ஆருக்கும் சொல்லக்கூடாது.

மூண்டு வருசத்துக்கு முந்தி அப்பா சாப்பாடு மனமில்லாமல் மெலிஞ்சுகொண்டே வந்தவர், எங்கட வீட்டில ஆருக்குக் காய்ச்சல் எண்டாலும் ஓடுற ஊர் டொக்டரிட்டத்தான் கூட்டிக்கொண்டு போனனான். ஸ்கான் எடுத்துக்கொண்டு திரும்பிப் போக, ரிப்போட்டைப் பாத்திட்டு "ஐயா, நீங்கள் வெளியில வாங்கில கொஞ்சம் இருங்கோ" எண்டு அப்பாவை அனுப்பிப்போட்டு, கதவைச் சாத்திப்போட்டு எனக்குச் சொன்னார். ஈரல்ல கட்டி, பரவியிருக்கு. "ஐயாக்கு சொல்லாதேங்கோ, மனம் உடைஞ்சு போயிடுவார்."

வெளியில வந்தா அப்பா கிளினிக் கொப்பியைச் சுருட்டிக் கையில வைச்சுக்கொண்டு இருக்கிறார். என்னவாம் எண்டார். அல்சராம் எண்டன். அப்பாட்ட நான் சொன்ன முதல் பெரிய பொய் அது.

அடுத்த கிழமையே கனடாவில இருந்து மாமா கோல் எடுக்கிறார், அவரும் டொக்டரும் ஒண்டாப் படிச்சவை. பிறகு ஒவ்வொருத்தரா அப்பிளும் ஹோர்லிக்ஸும் கொண்டு வீட்டை வரத் தொடங்கிச்சினம். அப்பா ஒரு நாள் மெல்லக் கேட்டார், "அல்சருக்கு ஏன்டா இவ்வளவு சனம் வருது?" அதுக்குப் பிறகுதான் சொன்னன். அவர் அழேல்லை, தங்கச்சிக்கு காணி உறுதி முடிக்காமல் கிடக்கு, ஒரு மாசம் முந்தித் தெரிஞ்சிருந்தா நானே நடந்து போய்ச் செய்திருப்பன் எண்டார். அந்த ஒரு மாசத்தை அவரிட்ட இருந்து எடுத்தது நாங்கள்.

டொக்டர் கெட்ட மனுசன் இல்லை, இரக்கத்திலதான் செய்தவர், ஆனா வருத்தம் அப்பான்ர. உலக மருத்துவச் சங்கத்தின்ர 1948ம் ஆண்டு ஜெனீவா உறுதிமொழியிலயே நோயாளி நம்பிச் சொன்ன ரகசியத்தைக் காப்பன் எண்டு இருக்கு, பிறகு திருத்தேக்க நோயாளி செத்தாப் பிறகும் எண்டும் சேர்த்தவை. எங்கட ஊரில டொக்டரும் நோயாளியும் ஒரே கோயில் திருவிழாவில நிப்பினம், ஒரே கலியாண வீட்டில பக்கத்துக் கதிரையில சாப்பிடுவினம், அதால இது இன்னும் கவனமா இருக்கவேண்டிய விசயம். இலங்கையில ஒரு டொக்டரிட்டப் பதிஞ்சுதான் போகோணும் எண்டும் இல்லை, பிடிக்காட்டி பின்னேரம் வேற ஒருத்தரிட்ட நம்பர் எடுக்கலாம், எங்களைப் பிடிச்சு வைக்கிறது நம்பிக்கை மட்டுந்தான்.

1847ல யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில தமிழிலயே மருத்துவம் படிப்பிச்சவர், புத்தகங்களையும் தமிழாக்கினவர். இண்டைக்கு அதே ஊர்களில நோயாளியை முன்னால வைச்சுக்கொண்டே மகனோட இங்கிலீசில கதைக்கினம். பேர் எழுதாத கவர்ல குளுசை குடுக்கிறதும் இதே மாதிரித்தான், கேட்டா "இதைக் காலமை போடுங்கோ" மட்டும்.

எல்லாருக்கும் எல்லாத்தையும் போட்டு உடைக்கச் சொல்லேல்லை. "உங்களுக்கே சொல்லட்டா, மகனோட கதைக்கட்டா" எண்டு ஒரு கேள்வி போதும். மகனோட கதையுங்கோ எண்டு நோயாளி சொன்னா அதுவும் அவரின்ர உரிமை.

இப்ப அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறது வேற ஒரு டொக்டரிட்ட, வயசு குறைஞ்ச பெடியன். போன மாசம் ரிப்போட்டைக் கையில எடுத்திட்டு இந்தக் கேள்வியைத்தான் முதல்ல கேட்டவர். அம்மா கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு, "எனக்கே சொல்லுங்கோ தம்பி" எண்டா.

நான் வெளியில போய் வாங்கில இருந்தன்.