அப்பா விட்டுட்டுப் போன பழைய லாரியை ரிப்பேர் பண்ணலாமா, எடைக்குப் போட்டுடலாமா?

நீங்க எழுதியிருக்கிறது நாலு வரிதான். அப்பா தவறி ரெண்டு வருஷம், தோட்டத்துல பானட் முன்னாடி நீட்டிக்கிட்டிருக்கிற மூக்கு லாரி ஒண்ணு நிக்குது, வீட்ல எல்லாரும் எடைக்குப் போடச் சொல்றாங்க, என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. உங்களுக்கு விக்க மனசில்லைன்னு படிச்சதுமே தெரிஞ்சுது. மனசிருந்தா இங்க வந்து கேட்டிருக்க மாட்டீங்க, நேரா பழைய இரும்பு வாங்கறவருக்குப் போன் போட்டிருப்பீங்க. அதனால முதல்லயே சொல்லிடறேன்: ரிப்பேர் பண்ணுங்க. நான் பண்ணினேன். முடிக்க மூணு வருஷம் பிடிச்சுது, நாலேகால் லட்சம் செலவாச்சு.

எங்கப்பா திருவண்ணாமலைப் பக்கத்துலேர்ந்து பெங்களூர் வந்து, கலாசிபாளையத்துல ஒரு லாரி ரிப்பேர் ஷெட்ல பையனா சேர்ந்து மேஸ்திரி ஆனவர். சோறு போட்டது லாரி, ஆனா அவருக்குக் கார்னா உயிர். ஸ்ரீராமபுரத்துல எங்க சந்துல ஞாயித்துக்கிழமையானா ஒரு அம்பாசடரோ பியட்டோ பானட்டைத் திறந்துக்கிட்டு நிக்கும். தெரிஞ்சவங்ககிட்ட சாமானுக்கு மட்டும்தான் காசு வாங்குவார், கூலி வாங்க மாட்டார். அம்மா அதுக்குச் சண்டை போடுவாங்க.

1987-ல ஒரு ஓனர் ரிப்பேர் பாக்கியைக் கட்ட முடியாம வண்டியையே அப்பாகிட்ட விட்டுட்டுப் போனார். 1967 மாடல் டாடா மெர்சிடிஸ் 1210. மைசூர் ஸ்டேட் காலத்து நம்பர். டாடாவும் டைம்லர் பென்ஸும் 1954-ல போட்ட கூட்டு 1969 வரைக்கும்தான். அதுக்கு முந்தின வண்டிங்கிறதால கிரில்லுல மூணு முனை நட்சத்திரம் உண்டு. யாராவது கழட்டிட்டுப் போயிடுவாங்கன்னு அப்பா அதை எடுத்து அம்மாவோட பழைய புடவைத் துணியில சுத்தி பீரோவுல வச்சிருந்தார். 2016-ல அவர் போனப்புறம் பத்திரம் தேடினப்ப அதுதான் முதல்ல கையில வந்துச்சு.

அப்ப வண்டி ஆனேக்கல் பக்கம் தம்பியோட தோட்டத்துல பதினெட்டு வருஷமா நின்னுக்கிட்டிருந்தது. கேபின் மரமெல்லாம் கரையான். இடது மட்கார்டு கையால தொட்டா உதிரும். ஒருத்தர் வந்து பார்த்துட்டு ஒரு லட்சத்து முப்பதாயிரம் தர்றேன்னார். தம்பி சரின்னுட்டான், நான்தான் வேணாம்னேன்.

2018-ல ஆரம்பிச்சேன். பெங்களூர் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகள்ல கேட்டா 'அந்த மாடலா?'ன்னு நிமிர்ந்து பார்ப்பாங்க, ஆனா வயசான கடைக்காரங்க உள்ள போய்த் தேடிக் கொண்டு வந்து குடுத்தாங்க. மட்கார்டு சங்ககிரியில கிடைச்சுது. டீசல் பம்பு மட்டும் எனக்குப் பெருமை. 1951-ல ஆரம்பிச்ச மைக்கோ கம்பெனி நம்ம ஆடுகோடியில பண்ணினது. 'இதோட இதயம் நம்மூர்ல பொறந்தது'ன்னு அப்பா அதைத் தட்டிக் காட்டுவார். டீசல் விடற அளவைச் சரி பண்ற கேலிபரேஷன் பண்ணினதோட சரி, இன்னிக்கும் அதே பம்புதான் ஓடுது.

ஆனா உங்களுக்குச் சொல்ல வந்தது ஹீட்டர் பிளக் விஷயம். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சிலிண்டரைச் சூடாக்கறது அதுதான். இந்த இன்ஜின்ல ஆறு சிலிண்டருக்கு ஆறு ஹீட்டர் பிளக். திருவிழாவுல போடற சீரியல் லைட் மாதிரி ஆறையும் ஒரே வரிசையில கோர்த்திருக்கும். ஒண்ணு போனா ஆறும் வேலை செய்யாது. டேஷ்போர்டுல ஓட்டை போட்ட சின்ன மூடிக்குள்ள ஒரு கம்பிச் சுருள் இருக்கும். சுவிட்சை இழுத்துப் பிடிச்சா அது மெல்லச் செவக்கணும். செவந்தப்புறம்தான் செல்ஃப் அடிக்கணும். செவக்கலைன்னா அப்பா கீழ நின்னு ஸ்க்ரூடிரைவரால ஒவ்வொரு பிளக்கோட ரெண்டு முனையையும் சேர்த்துத் தொடுவார். எதைத் தொடறப்ப மேல கம்பி செவக்குதோ அதுதான் போன பிளக். அந்தக் கம்பியைப் பார்த்துச் சொல்ல கேபின்ல ஒரு ஆள் வேணும். எட்டு வயசுல அந்த ஆள் நான்தான். 'செவந்துடுச்சுப்பா'ன்னு கத்துவேன்.

2019-ல நான் தனியா அதே வேலையைச் செஞ்சேன். சுவிட்சை இழுத்துக் கயிறு கட்டிட்டு, கீழ இறங்கி ஸ்க்ரூடிரைவரைக் கிளிப்ல பிடிச்சு வச்சுட்டு, ஓடிப்போய் மேல ஏறிப் பார்க்கணும். ஆறு பிளக்குக்கும் ஏறி இறங்கினேன். ஒண்ணுக்கும் செவக்கலை. மறுநாளும் அதே கதை. அப்பாகிட்ட வேலை பார்த்த ஒரு பெரியவருக்குப் போன் பண்ணினேன். 'தம்பி, ஒண்ணுதான் போயிருக்கும்னு யார் சொன்னா? ரெண்டு போயிருந்தா ஒண்ணைத் தொட்டு என்ன பிரயோஜனம்? எல்லாத்தையும் கழட்டித் தனித்தனியா பேட்டரியில வச்சுப் பாரு'ன்னார். நாலாவதும் ஆறாவதும் போயிருந்தது.

வீட்ல என் தொல்லை தாங்காம அம்மா சொல்லித்தான் அப்பா என்னை ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போறார்னு அத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். அன்னிக்குத்தான் அது ரெண்டு ஆள் வேலைன்னு புரிஞ்சுது. கேபின் படியில ரொம்ப நேரம் உக்காந்துட்டேன்.

புகை விடற வண்டியை வச்சுக்கிட்டு சென்டிமென்ட் பேசறான்னு சிலர் பின்னூட்டத்துல வருவாங்க. என் வண்டி ரோட்டுக்கு வர்றதில்லை. மாசம் ஒரு நாள் தோட்டத்துக்குள்ளயே கால் மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். ரோட்டுக்குக் கொண்டு வரணும்னாலும் சட்டம் லேசுல இடம் குடுக்கலை. 2021-ல மத்திய அரசு 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு கொண்டு வந்தது. புதுசாப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனா டூ வீலருக்கும் சொந்த உபயோகக் காருக்கும் மட்டும்தான். மகாராஜா ஏறிப்போன கார் பாரம்பரியம், ஊருக்கெல்லாம் அரிசி சுமந்த லாரி பழைய இரும்பு. இதை என்னால ஏத்துக்க முடியலை. லாரியாவே வச்சு ஓட்டலாம்னா, 15 வருஷம் தாண்டின கனரக வண்டிக்குத் தகுதிச் சான்று (எஃப்.சி.) கட்டணம் 2022 ஏப்ரல்ல 1,500-லேர்ந்து 12,500 ஆச்சு.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதறேன். எங்கக்கா கல்யாணத்துல தாரை வார்க்கிற நேரம், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர், 'அவரைக் கையைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க'ன்னு சபையில சொன்னார். அப்பா விடியக்காலையிலேயே மண்ணெண்ணெய், சோப்புப் பவுடர், எலுமிச்சம்பழத் தோல்னு போட்டு அரை மணி நேரம் தேய்ச்சுக் கழுவிட்டு வந்த கை அது. நகக்கண்ணுல முப்பது வருஷமா ஊறின கிரீஸ் எங்க போகும்? அப்பா ஒண்ணும் பேசாம எழுந்து போய் மறுபடி கழுவிட்டு வந்தார். அதுக்கப்புறம் எடுத்த போட்டோ ஒண்ணுலயும் அவர் கை தெரியாது. அந்தப் பெரியவர் வீட்டு அம்பாசடருக்கும் பின்னாடி ஏழெட்டு தடவை அப்பாதான் வேலை பார்த்தார்.

சரி, உங்க வண்டிக்கு வர்றேன். முதல்ல ஆர்.சி.யை, அதான் பதிவுச் சான்றைத் தேடி எடுங்க. வண்டி அப்பா பேர்ல இருந்தா வாரிசு பேருக்கு மாத்தப் படிவம் 31 இருக்கு. அண்ணன் தம்பிங்க கையெழுத்தை இப்பவே வாங்கிடுங்க, வண்டி ஓட ஆரம்பிச்சப்புறம் ஆளாளுக்குப் பங்கு ஞாபகம் வரும். ஆசையில உடனே பேட்டரி மாட்டி செல்ஃப் அடிச்சுடாதீங்க. டேங்க்ல இருக்கிற பழைய டீசலை இறக்கிடுங்க, இன்ஜின் ஆயிலை மாத்துங்க. இன்ஜெக்டரைக் கழட்டி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் கொஞ்சம் ஆயில் விட்டு ரெண்டு நாள் ஊறட்டும். அப்புறம் கையால சுத்திப் பாருங்க. சுத்துச்சுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. இறுகியிருந்தா பலவந்தம் பண்ணாதீங்க, ஒரு பழைய மேஸ்திரியைக் கூட்டிட்டு வாங்க.

எந்த மாடல்னு நீங்க எழுதலை. முன்பக்க கிரில்லையும் டேஷ்போர்டையும் படம் எடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்றேன். ஹீட்டர் பிளக் என்கிட்ட ரெண்டு அதிகமா இருக்கு, உங்க வண்டிக்குச் சேர்ந்தா அனுப்பி வைக்கிறேன்.