கான்ராடின் காங்கோ: கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜோசப் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்’ கல்லூரியில் எங்களுக்குப் பாடம். ஏகாதிபத்தியத்தைத் தோலுரித்த நாவல் என்று சொல்லித்தந்தார்கள். சமீபத்தில் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் கட்டுரையைப் படித்தேன். கான்ராட் ஓர் இனவெறியர் என்கிறார். 1899-இல் எழுதியவரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா? அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே இருந்தார்கள்?

எம்.

அன்புள்ள எம்,

‘எல்லோரும்’ என்று யாரைச் சொல்கிறீர்கள்?

நாவலின் களமான ஆப்பிரிக்கக் காங்கோவுக்குக் கான்ராட் போனது 1890-இல். பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்ட் அந்த நாட்டையே சொந்தச் சொத்தாக வைத்திருந்த காலம். செப்டம்பரில் கான்ராடின் நீராவிப் படகு காங்கோ ஆற்றில் ஸ்டான்லி நீர்வீழ்ச்சியை எட்டியது. அதே இடத்திலிருந்து ஜூலை மாதமே லியோபோல்டுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் போயிருந்தது. எழுதியவர் ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவர். லியோபோல்டின் ஆட்கள் கோட்டுக்குள் பேட்டரியை மறைத்துக்கொண்டு ஊர்த் தலைவர்களிடம் கைகுலுக்குவார்களாம். ஷாக் அடித்ததும் வெள்ளைக்காரனுக்கு இவ்வளவு பலமா என்று அவர்கள் மிரண்டுபோவார்கள். அப்புறம் சில பெட்டி ஜின்னுக்கு ஊரையே எழுதி வாங்கிக்கொள்வது. வில்லியம்ஸ் அந்த மக்களின் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதினார்.

கான்ராட் நாவலில் கறுப்பர்கள் நமக்குப் புரியும்படி பேசுவது இரண்டே இடங்களில். ஒன்றில், கரையில் இருப்பவர்களைப் பிடித்துக் கொடு, தின்கிறோம் என்கிறார்கள் படகில் வேலை செய்பவர்கள். இன்னொன்றில், கர்ட்ஸ் என்ற வெள்ளைக்காரத் தந்த வியாபாரி செத்துவிட்டான் என்று ஒருவன் வந்து சொல்கிறான். மற்றதெல்லாம் கூச்சலும் முரசும்தான். 1975-இல் ஆற்றிய உரையில் அச்செபே இதைத்தான் பிடித்தார்: ஓர் ஐரோப்பிய மனம் சிதைவதைக் காட்ட ஒரு கண்டத்தையே பின்திரையாகத் தொங்கவிட்டிருக்கிறார் கான்ராட். அங்கே யாருக்கும் பெயர்கூட இல்லையே என்றும் சிலர் குறை சொல்வார்கள். அது சரியான வாதம் இல்லை. நாவலில் வெள்ளைக்காரர்களே பெரும்பாலும் மேனேஜர், கணக்கர்தான்.

ஆனால் இதைப் பெரிய கலைப்படைப்பு என்று சொல்ல முடியாது என்றார் அச்செபே. அங்கே நான் அவரோடு இல்லை. மரத்தடியில் தொழிலாளர்கள் சாகக் கிடக்கும் காட்சியை மறுபடி படித்துப் பாருங்கள். வேலைக்கு இனி உதவாதவர்கள் என்பதால் கிடந்து சாக விடப்பட்டவர்கள். லியோபோல்டின் நிர்வாகத்தைப் பற்றி அதைவிடக் கடுமையாக நாவலில் எவரும் எழுதி நான் படித்ததில்லை.

அந்தக் காட்சியிலேயே ஒரு பையன். கழுத்தில் ஒரு வெள்ளை நூல். கதைசொல்லியான மார்லோ தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுக்கிறான். பிறகு, அந்த நூல் எங்கிருந்து வந்தது, அடையாளமா, நகையா, தாயத்தா என்று தனக்குள் கேட்டுக்கொண்டே போகிறான். பையனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

வில்லியம்ஸின் கடிதம் இணையத்தில் கிடைக்கிறது. ஒரே மூச்சில் படித்துவிடலாம்.