மருந்தை நிறுத்தலாமா? இளநீர் கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்: சிறுநீரக நலம்
பதிலளிப்பவர்: டயாலிசிஸ் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதி

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. நெடுநாளாக இனிப்புநீரும் ரத்தக் கொதிப்பும் உண்டு. அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகச் செயல்திறன் 48 என்று வந்தது. மூன்றாம் நிலை என்றார் மருத்துவர். இத்தனை காலம் விழுங்கிய மாத்திரைகள்தாம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டன என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்டு, மருந்துகளை நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்கு மாறப் போவதாகச் சொல்கிறார். உடம்பில் வலி எதுவும் இல்லையாம். – வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, இன்றிரவு மாத்திரையை அவர் தவறாமல் போடும்படி முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். யாரோ சொன்னதை நம்பி மருந்தைக் கைவிட்டு, பிறகு கால் வீங்கி மூச்சுத் திணறலோடு கொண்டுவரப்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்த மனவேதனையில்தான் இதைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. கட்டுப்படாத சர்க்கரையும் கொதிப்பும் அவற்றைச் சிறுகச் சிறுக அழிக்கும்போது, எஞ்சியவை கூடுதல் சுமையை ஏற்றுக்கொள்வதால், பாதிக்கு மேல் பழுதான பின்னும் வலியோ சோர்வோ தெரிவதில்லை. 2018இல் மலேசியாவில் நடந்த ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது தெரிந்தது. அவர்களில் அதை முன்பே அறிந்திருந்தவர்கள் நூற்றுக்கு 5 பேர்தான். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இனிப்புநீரே காரணம்.

மாத்திரை மீது பழி விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. அதனால் செயல்திறன் 45க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். உடலில் மருந்து தேங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்வதைப் பார்த்து, அது சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் கொதிப்பு மருந்துகளில் சில, சிறுநீரில் புரதம் கசிவதைத் தடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பவை. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளும் நோயின் வேகத்தைக் குறைக்கின்றன. அவை உங்கள் கணவருக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நிறுத்த வேண்டியவை வேறு. முட்டிவலிக்கும் இடுப்புவலிக்கும் கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், பொன்ஸ்டான் ஆகியவை சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. ஜாமு, மாஜூன் என்று நாட்டு மருந்தாக விற்கப்படும் உருண்டைகள் சிலவற்றில் ஸ்டீராய்டும் வலிநிவாரணியும் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. அட்டையில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவெண் இல்லாத எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள். பதிவெண் இருந்தாலும் மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். அரசாங்க சுகாதார கிளினிக்கில் 1 வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். ரத்தத்தோடு, சிறுநீரில் கசியும் புரதமான அல்புமின் சோதனையையும் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் அம்மா, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக ஆசைப்படுகிறார். இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் சிறுநீரகத்துக்கு நல்லது என்று உறவினர்கள் கொடுக்கச் சொல்கிறார்கள். – வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: தம்பி, அம்மாவைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். நோயாளி என்று வீட்டிலேயே உட்கார வைப்பது நோயைவிடக் கொடுமை. 513 படிகளையும் ஏற வேண்டாம், அடிவாரத்தில் நின்று கும்பிட்டால் போதும். திருவிழாவுக்காக ஒரு முறை டயாலிசிஸைத் தவறவிடுவது மட்டும் கூடவே கூடாது; மையத்தில் முன்கூட்டியே சொன்னால், முடிந்தால் வேறு நாளுக்கு மாற்றித் தருவார்கள்.

நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு இளநீர் நல்லதுதான். ஆனால் ஒரு குவளை இளநீரில் 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. அதை வெளியேற்ற வழியில்லாத உடலில் அது ரத்தத்தில் ஏறி, முன்னறிவிப்பே இல்லாமல் இதயத் துடிப்பை நிறுத்திவிடக்கூடும். வாழைத்தண்டுச் சாறும் வேண்டாம். பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழத்தை ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கும், விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம்தான் சேர்த்திருப்பார்கள் என்பதால் அதுவும் ஆகாது. காய்கறிகளில் பொட்டாசியம் குறைய, அவற்றைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமையுங்கள்.

குடிக்கும் நீருக்கும் அளவு உண்டு. பொதுவாக, ஒரு நாளைக்கு, முந்தைய நாள் கழித்த சிறுநீரின் அளவோடு சுமார் 500 மில்லிலிட்டர் சேர்த்துக் குடிக்கலாம் என்பார்கள். அம்மாவுக்கு உரிய அளவை மையத்தில் கேளுங்கள். ரசம், மோர், தேநீர் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். தண்ணீர்ப் பந்தலில் அன்போடு நீட்டுவார்கள், மறுக்க மனம் வராது. அதனால் அன்றைய அளவை ஒரு புட்டியில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுங்கள். ஊறுகாய், கிச்சாப், கருவாடு ஆகியவற்றைக் குறைத்தால் தாகமே பாதியாகிவிடும்.

ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து அமைத்த இடம்) உள்ள கையால் பால்குடம் தூக்கக் கூடாது; அந்தக் கையில் இறுக்கமான வளையலும் வேண்டாம். காலையும் மாலையும் அவ்விடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். அதிர்வு தெரியாவிட்டால் மறுநாள் வரை காத்திராமல் உடனே மையத்தை அழையுங்கள்.

கேள்வி: டயாலிசிஸில் இருக்கும் என் தம்பிக்கு ஒரு சிறுநீரகம் கொடுக்க விரும்புகிறேன். எனக்கும் இனிப்புநீர் உண்டு. முடியுமா? – வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: 1975இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் நடந்த நம் நாட்டின் முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையே உடன்பிறந்தவர் கொடையால் நடந்ததுதான். ஆனால், பின்னாளில் உங்கள் சிறுநீரகமே பழுதாகக்கூடும் என்பதால், இனிப்புநீர் உள்ளவர்களிடமிருந்து பொதுவாக ஏற்கமாட்டார்கள். இனிப்புநீர் இல்லாத மற்ற உடன்பிறப்புகள் முன்வந்தால் அவர்களைச் சோதிக்கலாம். ஒரே குடும்பத்தில் சிறுநீரக நோய் தொடரும் வாய்ப்பு அதிகம், உங்களுக்கோ இனிப்புநீரும் இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் ரத்தத்தில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினையும் சிறுநீரில் அல்புமினையும் சோதித்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டுக்கான சோதனையை இதுவரை செய்யவில்லை என்றால் இந்த வாரமே கிளினிக்குக்குப் போய் வாருங்கள்.