உங்கள் சட்டப்படி லிங்கன் தேற மாட்டார்

கேள்வி: எந்தப் பதவியும் வகிக்காத ட்ரம்ப் 2016 தேர்தலில் ஜெயித்து நேரே அமெரிக்க அதிபராகிவிட்டார். ராணுவத்திலோ மத்திய அரசுப் பதவியிலோ குறைந்தது பத்து ஆண்டு இருந்தவர்தான் அந்தத் தேர்தலில் நிற்கலாம் என்று அங்கே ஒரு சட்டம் போட்டால் என்ன? (வாசகர், தாராபுரம்)

பதில்: போடலாம். முதல் வேலையாக ஆபிரகாம் லிங்கனின் மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டியிருக்கும், பரவாயில்லையா?

1860-இல் அதிபர் தேர்தலில் நின்றபோது அவர் கையில் என்ன இருந்தது? பிரதிநிதிகள் சபையில் ஒரே ஒரு தவணை, 1847 முதல் 1849 வரை. செனட்டுக்கு இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் தோல்வி. ராணுவம் என்றால், 1832-இல் செவ்விந்தியரோடு நடந்த பிளாக் ஹாக் போரின்போது இல்லினாய் மாநிலத் தொண்டர் படையில் மூன்று மாதத்துக்கும் குறைவு. சண்டை எதையும் பார்க்கவில்லை. பின்னாளில் ஒரு வேட்பாளரின் போர்ப் பெருமையைச் சபையில் கிண்டலடித்தபோது, தானும் காட்டு வெங்காயத்தின் மீது படையெடுத்தவன், கொசுக்களோடு ரத்தப் போர் நடத்தியவன் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அவருக்கு முன்பு அதிபராக இருந்த ஜேம்ஸ் புக்கானன் உங்கள் சட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த ஆள். பிரதிநிதிகள் சபையில் பத்தாண்டு, அப்புறம் செனட்டில் பத்தாண்டு, ரஷ்யாவிலும் பிரிட்டனிலும் தூதர், நான்கு ஆண்டு வெளியுறவு அமைச்சர். பிரிட்டனோடு நடந்த 1812 போரில் சிப்பாயாகவும் இருந்திருக்கிறார். இப்படிப் பழம் தின்று கொட்டை போட்டவர், 1860 டிசம்பரில் அடிமை முறையைக் காக்கத் தென் மாநிலங்கள் நாட்டை விட்டுப் பிரியத் துடித்தபோது என்ன சொன்னார்? பிரிவது சட்டப்படி தவறு, ஆனால் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்றார். 1861 மார்ச்சில் அவர் மூட்டை கட்டுவதற்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன.

அடுத்து வந்தது உள்நாட்டுப் போர். பிரிந்து போன மாநிலங்கள் தங்கள் அதிபராக்கிய ஜெபர்சன் டேவிஸ் இன்னும் சுவாரசியம். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர், மெக்சிகோ போரில் படை நடத்திக் காலில் குண்டடி பட்டவர், நான்கு ஆண்டு போர்த்துறை அமைச்சர், செனட்டர். காகிதத்தில் லிங்கன் இவர் பக்கத்தில் நிற்கவே முடியாது. ஆனால் அந்த அனுபவமே அவருக்கு வினையாயிற்று. போரைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு. நான்கு ஆண்டில் ஐந்தாறு போர்த்துறை அமைச்சர்கள் மாறினார்கள். தளபதி ஜோசப் ஜான்ஸ்டனோடு யாருக்கு எந்தத் தரவரிசை என்று 1861-இல் தொடங்கிய கடிதச் சண்டை கடைசிவரை ஆறவில்லை. 1864 ஜூலையில், லிங்கனின் படை தெற்கின் முக்கிய நகரமான அட்லாண்டாவின் வாசலில் நிற்கும்போது, அதே ஜான்ஸ்டனை நீக்கிவிட்டு ஹூட் என்பவரைப் போட்டார். ஹூட் பாய்ந்து பாய்ந்து தாக்கிப் படையைக் கரைத்தார். செப்டம்பர் தொடக்கத்தில் அட்லாண்டா விழுந்தது. மறுபடி ஜெயிப்பாரா என்று பலர் சந்தேகப்பட்ட லிங்கன், அந்த வெற்றியின் பலத்தில் நவம்பர் தேர்தலில் ஜெயித்தார்.

லிங்கனோ காங்கிரஸ் நூலகத்திலிருந்து போர்க்கலைப் புத்தகங்களை வாங்கி உட்கார்ந்து படித்தார். 1861 நவம்பரில் ஓர் இரவு, வெளியுறவு அமைச்சரோடும் தன் செயலாளரோடும் தன் படைத் தளபதி மெக்லெல்லன் வீட்டுக்குப் போனார். தளபதி கல்யாணத்துக்குப் போயிருந்தார். காத்திருந்தார்கள். வந்தவர், அதிபர் கூடத்தில் இருக்கிறார் என்று சொல்லியும் நேரே மாடிக்குப் போனார். அரை மணி கழித்து ஆள் அனுப்பினால், ஐயா தூங்கப் போய்விட்டார் என்று பதில். செயலாளர் கொதித்தார், மரியாதை பார்க்கும் நேரமில்லை இது என்று லிங்கன் அடக்கிவிட்டார். ஓர் ஆண்டு கழித்து மெக்லெல்லனை நீக்கினார், ஆனால் அந்த இரவுக்காக அல்ல. படையை வைத்துக்கொண்டு எதிரியைத் துரத்தாமல் இருந்ததற்காக. போரை ஜெயித்துக் கொடுத்த கிராண்ட் கிடைக்கும்வரை தளபதிகளை மாற்றிக்கொண்டே இருந்தார்.

உடனே, அனுபவமே வேண்டாம் என்கிறீரா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். லிங்கன் வெறும் ஆள் இல்லை. இல்லினாய் சட்டமன்றத்தில் எட்டு ஆண்டு, நீதிமன்றங்களில் இருபது ஆண்டுக்கு மேல். வேட்பாளர் போட்டியில் தன்னை எதிர்த்த சீவார்ட், சேஸ், பேட்ஸ் மூவரையும் அமைச்சரவையில் உட்கார வைத்து வேலை வாங்கத் தெரிந்தவர். உங்கள் சட்டத்தில் இதற்கெல்லாம் மதிப்பெண் இல்லை, அதுதான் என் புகார்.

அதே கிராண்ட் பிறகு அதிபரானார். அவரும், இரண்டாம் உலகப் போர்த் தளபதியாக இருந்து அதிபரான ஐசன்ஹோவரும் வெற்றி கண்ட தளபதிகள், உங்கள் சட்டத்தில் தேறுபவர்கள். இருவரும் அதற்கு முன்பு எந்தத் தேர்தலிலும் ஜெயித்துப் பதவிக்கு வந்தவர்களில்லை. கறுப்பின மக்களைத் தாக்கிய வெள்ளை இனவெறிக் கும்பலான கு கிளக்ஸ் கிளானை கிராண்ட் ஒடுக்கினார், அது பெரிய காரியம். ஆனால் பக்கத்தில் வைத்திருந்தவர்களின் ஊழல் ஆட்சியை நாறடித்தது. சாராய வரி ஏய்ப்பு வழக்கில் அவருடைய சொந்தச் செயலாளர் மீதே குற்றச்சாட்டு. ஐசன்ஹோவர் ஐரோப்பாவில் பிரிட்டன் தளபதி மான்ட்கோமரியையும் அமெரிக்கத் தளபதி பேட்டனையும் பிரான்சின் டி காலையும் ஒரே வண்டியில் பூட்டி ஓட்டியவர். அது பாதி அரசியல்தான். பதவிக்கு வந்த ஆண்டிலேயே, 1953-இல், கொரியாவில் சண்டை நிறுத்தம் வந்தது. மறு ஆண்டு வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுக்காரர்கள் சிக்கிக்கொண்டு அழைத்தபோது விமானப் படையை அனுப்ப மறுத்தார்.

கடைசியாக, உங்கள் சட்டத்துக்கு அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டும். அது அதிபருக்குக் கேட்பது மூன்றுதான்: பிறப்பால் குடிமகன், 35 வயது, நாட்டில் 14 ஆண்டு வாசம். 1787-இல் அதை எழுதிய அவையில் விடுதலைப் போரில் சண்டையிட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தலைமை நாற்காலியில் இருந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன், எட்டு ஆண்டு படை நடத்தியவர். அவர்களே ராணுவ அனுபவம் வேண்டும் என்று எழுதி வைக்கவில்லை.