குடும்பத்தோடு மிஷனரியாக ஆப்பிரிக்கா போகலாமா? பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஆப்பிரிக்காவில் ஊழியத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது, சந்தோஷம் அதிகமா கஷ்டம் அதிகமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவரை வந்த பதில்கள் எல்லாம் அப்படிப் போன பெரியவர்கள் எழுதியவை. என்னை யாரும் அழைக்கவில்லை. அப்பா அம்மாவுக்கு வந்த அழைப்பில் நானும் சேர்ந்து போனேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பதில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

சொந்த ஊர் சேலம், அஸ்தம்பட்டி. எண்பதுகளின் கடைசியில் அப்பா மலாவியின் தெற்குப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு லேப் டெக்னீஷியனாகப் போனார். அம்மா அங்கே பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார். தம்பி பிறந்ததே அங்கேதான். "மதம் மாற்றப் போனவர்கள்தானே" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்களுக்கு: நாங்கள் போனபோதே அந்த நாட்டில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். அப்பா காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்தது மலேரியா ஸ்லைடும் டிபி சளியும். டாலரில் கொழித்தார்கள் என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டு மாதக் கடைசியைப் பார்த்திருக்க வேண்டும்.

சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது பொய்யில்லை. செருப்பில்லாமல் நாள் முழுக்க ஓடினோம். பக்கத்து வீட்டில் மதியம் ன்சீமா கிண்டுவார்கள். வெள்ளை மக்காச்சோள மாவில் நம் ஊர்க் களியேதான், தொட்டுக்கொள்ளக் கீரையோ உசிப்பா என்கிற குட்டிக் கருவாடோ இருக்கும். நானும் தம்பியும் அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து அம்மாவின் சாதத்தையும் சாப்பிடுவோம். மாம்பழ சீசன் அங்கே நவம்பர், டிசம்பரில். கிறிஸ்துமஸ் அன்று மழையைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் மாம்பழம் சாப்பிட்டதை எந்தச் சேலத்துக்காரரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நாட்டில் டிவியே கிடையாது, 1999இல்தான் வந்தது. அப்போதைய அதிபர் பண்டாவின் ஆட்சியில் பெண்கள் பேன்ட் போடத் தடை. அம்மாவின் நூல் சேலைக்கு அதனால் தனி மரியாதை. ஆனால் புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் "உங்கள் கடை எது?" என்றே கேட்பார்கள். அந்த ஊரில் இந்தியர் என்றால் குஜராத்திக் கடைக்காரர் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். கடை இல்லாத இந்தியர்களைப் பார்த்து அவர்களுக்கே பாவமாகப் போய்விடும்.

கஷ்டம் என்றால் மலேரியா. தம்பிக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்து, ராத்திரியில் வெட்டி வெட்டி இழுத்தது. அந்தக் காலத்தில் குளோரோகுயின் அங்கே கேட்காமல் போக ஆரம்பித்திருந்தது. 1993இல் ஆப்பிரிக்காவிலேயே முதலாவதாக அந்த மாத்திரையைக் கைவிட்ட நாடு மலாவிதான். லேபில் அன்று வேறு ஆள் இல்லை. தம்பியின் விரலில் அப்பாவே குத்தி ரத்தம் எடுத்து, கண்ணாடியில் தடவி, ஜீம்சா சாயம் ஊற்றிக் காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்து கிருமியை எண்ணினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி, பெயர் போடும் இடத்தில் மற்ற நோயாளிகளுக்கு எழுதுவது போலவே தம்பியின் பெயரை எழுதி, நர்ஸிடம் நீட்டினார். குளுக்கோஸில் கலந்து குயினைன் ஏற்றினார்கள். விடிந்ததும் தம்பி கண் விழித்து, காதுக்குள் மணி அடிக்கிறது என்று அழுதான். குயினைன் ஏறினால் அப்படித்தான் இருக்குமாம். அந்த அழுகையைக் கேட்டுத்தான் அம்மா உட்கார்ந்தார்.

இதெல்லாம்கூட மிஷனரிக் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சொல்லாதது ஒன்று உண்டு. பத்து வயதில் என்னை ஏற்காட்டில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு அவர்கள் திரும்பிப் போனார்கள். தமிழ்ப் படிப்பு வேண்டும், பிற்பாடு இங்கேதானே வாழவேண்டும் என்பது காரணம். காரணம் சரிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கடிதம் வர மூன்று நாலு வாரம் ஆகும். எனக்குக் காய்ச்சல் என்று எழுதினால், இப்போது எப்படி இருக்கிறது என்ற பதில் வரும்போது நான் விளையாட்டு விழாவில் ஓடிக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை சேலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். தட்டுவடை ஒரு டப்பா, காரட்டும் பீட்ரூட்டும் துருவியது ஒரு டப்பா, சட்னி இரண்டு சின்ன பாட்டிலில். ஹாஸ்டல் பெஞ்சில் வைத்து, இரண்டு தட்டுவடைக்கு நடுவில் அதையெல்லாம் வைத்து அங்கேயே செட் போட்டுத் தருவார், முன்னாடியே போட்டால் நமுத்துவிடும் என்று. இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவர் அவர்.

அப்பா அம்மா விடுமுறையில் ஊருக்கு வந்தால் அதுவும் ஊழியம்தான். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சபை. எனக்கும் தம்பிக்கும் மலாவிக்காரர்கள் கட்டும் சிடெஞ்சே துணியைச் சுற்றிவிட்டு மேடையில் அந்த ஊர் சிச்சேவா மொழியில் பாட்டுப் பாடச் சொல்வார்கள். முடிந்ததும் யாராவது ஒரு அம்மா, "அங்கே சிங்கம் பார்த்தியாடா கண்ணு?" என்பார். அப்பாவை நான் வருஷக்கணக்கில் பார்த்திருக்கமாட்டேன், அவரோ சாப்பாட்டு மேசையில் சபைப் பெரியவர்களுக்கு நடுவில் இருப்பார். அம்மாவின் அம்மா இறந்தபோது தந்தி போய்ச் சேர்வதற்குள் இங்கே அடக்கம் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலமும் அம்மா தையல் வகுப்பு எடுத்தாராம். தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிள்ளைகளின் கதையைச் சொல்லாமல் விடுவது புதிதில்லை. சேலத்தில் 1827இல் வேலையைத் தொடங்கியது லண்டன் மிஷன். அதே மிஷனைச் சேர்ந்தவர் எரிக் லிடில், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று 100 மீட்டரை விட்டுக்கொடுத்த கதையைச் சண்டே ஸ்கூலில் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! ஆறு வயதில் அவரை இங்கிலாந்தில் மிஷனரிப் பிள்ளைகள் பள்ளியில் விட்டுவிட்டுப் பெற்றோர் சீனாவில் ஊழியத்தைத் தொடர்ந்ததை யாரும் சொல்லவில்லை. அவரும் மிஷனரியாகி, 1941இல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, 1945இல் ஜப்பானியர் முகாமில் மூன்றாவது மகளைப் பார்க்காமலே இறந்தார். அதையும் பெரியவளான பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். சபைகளுக்கு ஓட்டம் மட்டும் போதும் போலிருக்கிறது.

விசுவாசம் குறைந்து எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இன்றும் சபைக்குப் போகிறேன், காணிக்கை போடுகிறேன். மறுபடி அதே வாழ்க்கை வேண்டுமா என்றால் மலாவி வேண்டும், ஹாஸ்டல் வேண்டாம்.

அதனால் போவதென்றால் போங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அனுப்புகிறவர்களிடம் கேளுங்கள்: பிள்ளைகள் எங்கே, எந்த வகுப்பு வரை உங்களோடு இருந்து படிப்பார்கள்? வீட்டில் ஒரு சாவு என்றால் டிக்கெட் யார் எடுப்பார்கள்? வயதான பிறகு தங்க வீடு உண்டா? "ஜெபித்துக்கொள்வோம் பிரதர்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். எழுதி வாங்குங்கள்.